ஜப்பானில் ஆறு வாரம்: கோடைக்கால மொழிப் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பேச்சு கேட்கிறது. "ஜப்பானுக்கு ஒன்றரை மாதம் போய் மொழி கற்றுக்கொண்டு வரலாமாம். அப்படியே அங்கே வேலையும் கிடைத்துவிடுமாம்." இதில் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது உண்மையல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பணம் வாங்குபவர்கள் பெருகிவிட்டதால், இந்தக் குறுகியகாலப் படிப்பு என்பது என்ன, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விரிவாகவே எழுதிவிடுவது நல்லது என்று நாம் கருதுகிறோம்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

ஜப்பானில் 90 நாள்கள் வரை தங்குவதற்குத் தரப்படுவது குறுகியகாலத் தங்கல் அனுமதி. நான்கு, ஆறு, எட்டு வாரப் படிப்புகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த அனுமதியில்தான் போகிறார்கள். இதில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது நீண்டகாலப் படிப்புக்கான மாணவர் தகுதியோடு, தனியாக அனுமதியும் பெற்றவர்களுக்கு. அந்தத் தகுதி வேண்டுமென்றால், ஊரில் இருக்கும்போதே கல்வி நிலையத்தின் வழியாக ஜப்பான் குடிவரவுத் துறையிடம் தகுதிச் சான்றிதழ் பெற்று, அதன் பிறகு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குறுகியகால அனுமதியில் போய் இறங்கி, அங்கிருந்தபடி அதை வேலை அனுமதியாக மாற்றிக்கொள்வதைத் தவிர்க்க முடியாத தனிக் காரணம் இருந்தாலொழிய ஜப்பான் சட்டம் ஏற்பதில்லை. 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' திட்டத்தின் வழியாக வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு வழி வேறு. அதற்குத் தொழில் திறன் தேர்வும், ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையோ அதற்கு இணையான வேறு தேர்வோ தேவை. கோடைப் படிப்பின் சான்றிதழ் அந்த வரிசையில் எங்கும் வராது.

ஆகவே "கோடைப் படிப்பு விசா, பிறகு வேலை" என்று யாராவது ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நகையை அடகு வைத்தவர்களிடம் இதை மென்மையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எத்தனை வகை?

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருவோம். கோடைப் படிப்புகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. தோக்கியோவில் வசேதா, சோஃபியா போன்ற பல்கலைக்கழகங்கள் கோடைப் பருவ வகுப்புகள் நடத்துகின்றன. இவற்றில் ஜப்பானிய வரலாறு, சமூகம், பொருளாதாரம் ஆகியவற்றை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். மொழி அதில் ஒரு பகுதி மட்டுமே. தோக்கியோவின் புறநகரான மிதாக்காவில் உள்ள சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் ஆறு வாரப் படிப்பு நேர்மாறானது. அது முழுக்க முழுக்க மொழிக்கானது. வடக்கே ஹொக்கைதோ தீவின் ஹகோதாத்தே நகரில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் எட்டு வார முறை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. இவை தவிர, வாரக் கணக்கில் சேரக்கூடிய தனியார் மொழிப் பள்ளிகள் எல்லாப் பெரிய நகரங்களிலும் உண்டு.

இவற்றில் ஒன்றை மட்டும் சற்று நின்று கவனிப்போம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஜப்பானின் மேற்குக் கரையில் உள்ள கனசாவா நகரில் ஒரு கோடைப் படிப்பை நடத்திவருகிறது. கல்லூரியில் ஓராண்டு முழுவதும் நடத்தும் பாடத்தை எட்டு வாரத்தில் முடிப்பார்கள். மாணவர்கள் உள்ளூர் வீடுகளில் தங்குவார்கள். ஆனால் அதில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பாடங்களே உண்டு. முதலாம் ஆண்டு இல்லை. அ, ஆ தெரியாமல் வருகிறவருக்கு அங்கே இடமில்லை. ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும்.

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், நான்கு வாரம். மொத்தம் 60 மணி நேரம். 2010க்கு முன்பு ஜே.எல்.பி.டி. நான்கு நிலைகளாக இருந்தபோது, ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை மணி நேரப் படிப்புத் தேவை என்று தேர்வை நடத்தியவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் கீழான நிலைக்கு 150 மணி நேரம். மேலான நிலைக்கு 900. ஆக, ஒன்றும் தெரியாமல் போகும் மாணவர் நான்கு வாரத்தில் கடைசிப் படியின் பாதியைக்கூடத் தொட மாட்டார். அவருடைய விமானக் கட்டணமும் அறை வாடகையும், எழுத்துகளை எழுதிப் பழகுவதிலேயே கரைந்துபோகும். அதை ஊரில் திண்ணையில் உட்கார்ந்து செய்திருக்கலாம்.

தமிழ் பேசுகிறவருக்கு எது எளிது, எது கடினம்?

ஆங்கிலம் மட்டும் அறிந்த தன் அலுவலர்கள் ஜப்பானிய மொழியில் பணியாற்றும் தேர்ச்சி பெற சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து நம் பிள்ளைகள் மிரளத் தேவையில்லை. ஆங்கிலேயரைத் தடுமாற வைக்கும் பல இடங்களைத் தமிழ் பேசுகிறவர் தடுமாறாமல் கடந்துவிடுவார்.

'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை ஜப்பானியர் 'வத்தாஷி வா கக்கோ நி இக்கிமாஸு' என்பார்கள். வத்தாஷி என்றால் நான். கக்கோ என்றால் பள்ளி. நம் 'கு' உருபு இருக்கும் இடத்தில் 'நி' நிற்கிறது. வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை 'கினோ கத்தா ஹோன்' என்கிறார்கள். கினோ நேற்று, கத்தா வாங்கிய, ஹோன் புத்தகம். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதையே சொல்ல வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

இதைவிட வியப்பான இடம் துணைவினைகள். 'சாப்பிட்டுப் பார்' என்று நாம் சொல்லும்போது கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை. முயன்று பார்ப்பதைச் சொல்கிறோம். ஜப்பானியரும் 'தபேத்தே மிரு' என்கிறார்கள். தபேத்தே என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார்ப்பது. பொருளும் அதே. 'வாங்கி வை' என்பதற்குக் 'கத்தே ஒக்கு'. ஒக்கு என்றால் வைப்பது. 'வாங்கி வா' என்பதற்குக் 'கத்தே குரு'. குரு என்றால் வருவது. 'போகிறேன் என்று சொன்னார்' என்பதில் நம் 'என்று' நிற்கும் இடத்தில் அவர்களுக்கு 'தோ' என்ற சொல் உண்டு. 'கொரே, சொரே, அரே, தொரே' என்பவை இது, உது, அது, எது. 'உது' என்ற சுட்டு தமிழகத்தில் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் இலங்கைத் தமிழர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, கேட்பவரின் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்டும் 'சொரே'யைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

இந்த ஒற்றுமைகளைக் கண்டுதான் ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு (1919-2008), யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோருடன் சேர்ந்து பல ஆண்டுகள் ஆய்வு செய்து, இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு மொழிகள் ஒரே தாயின் பிள்ளைகள் ஆகிவிடா என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் மாணவருக்கு நட்டமில்லை. அமைப்பு ஒத்திருப்பது ஒத்திருப்பதுதான். ஆனால் நம் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பாடநூலை வைத்துக்கொண்டு, ஜப்பானிய வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்துக்கும் பிறகு தமிழுக்கும் மாற்றி, இருமுறை தலைகீழாக நின்று படிக்கிறார்கள். ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வரப் பழகினால் பாதிச் சுமை குறையும்.

எழுத்துகளிலும் ஒரு பாதி நமக்குப் பழக்கமானதே. ஹிராகானா, கத்தக்கானா என்று இரண்டு வரிசைகள், ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். அட்டவணையின் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. 'ஹ' நிற்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' ஒலி இருந்தது என்பது ஆய்வாளர் முடிவு. அதை வைத்துப் பார்த்தால் அப்படியே நம் நெடுங்கணக்கின் வரிசை. இது தற்செயல் அல்ல. பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன இந்திய எழுத்து முறையின் தாக்கம். குறில் நெடில் வேறுபாடும் அவர்களுக்கு உயிர்நாடி. 'ஒபசான்' என்றால் அத்தை அல்லது சித்தி. 'ஒபாசான்' என்றால் பாட்டி. கல்லையும் காலையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாக்குக்கு இது பெரிய வேலையே இல்லை.

சிக்கல் வருவது வல்லினத்தில். நம் எழுத்தில் 'க' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும். ஜப்பானியத்தில் அழுத்தி ஒலிக்கும் 'கின்' தங்கம். 'கங்கை' என்பதின் முதல் ஒலியை நாம் எப்படி மென்மையாகச் சொல்கிறோமோ அப்படி ஒலிக்கும் 'கின்' வெள்ளி. இந்தக் கட்டுரையில் நாம் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதியிருப்பதும் அந்தக் குறையோடுதான். மாணவர்கள் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

உண்மையான சுவர், கான்ஜி எனப்படும் சீன எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்துள்ள பட்டியலில் 2,136 உள்ளன. ஜப்பானியக் குழந்தைகளே ஆறு ஆண்டுத் தொடக்கப் பள்ளிப் படிப்பில் கற்பது 1,026. இதில் எந்தக் கோடைப் படிப்பாலும் குறுக்குவழி தர முடியாது.

அப்படியானால் ஆறு வாரத்தில் கிடைப்பது என்ன? பேச்சு. ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. என்3 தேறிய பிறகும், கடையில் நின்று ஒரு பொருளைக் கேட்க வாய் வராதவர்கள் உண்டு. ஊரில் புத்தகத்தால் கற்ற இலக்கணம் நாக்குக்கு வந்து சேர்வதற்கு, தங்கியிருக்கும் வீட்டின் அம்மாவும் பேருந்து ஓட்டுநரும் தேவைப்படுகிறார்கள். அதற்காகப் போவதென்றால், அடிப்படை இரண்டு வரிசை எழுத்தும் என்5 அளவு இலக்கணமும் கையில் இருந்தால் போகும் பணம் வீணாகாது என்பது நமது கணிப்பு. இந்த அளவுக்கு ஊரிலேயே படிக்க முடியும். ஜப்பான் அறக்கட்டளையின் 'மினாத்தோ' இணையவழி வகுப்புகளில் கட்டணமில்லாதவை பல உள்ளன. அதன் 'இரோதோரி' பாடநூலை இலவசமாகப் பதிவிறக்கலாம். ஜப்பானின் என்.ஹெச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் எளிய பாடங்களை ஹிந்தி, உருது, அரபி உள்ளிட்ட பல மொழிகளில் தருகிறது. தமிழில் இல்லை என்பது வருத்தமே. தேர்வெழுத வெளியூர் அலைய வேண்டாம், சென்னையிலேயே ஜே.எல்.பி.டி. நடக்கிறது. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு வழக்கமான நாள்கள். கோடைப் படிப்புக்குப் போகிறவர் ஜூலைத் தேர்வைத் தவறவிடுவார் என்பதால், முந்தைய டிசம்பரைக் குறி வைப்பதே சரி.

எந்தக் கோடை?

நம் ஊர்க் கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஜப்பானில் அப்போதுதான் கல்வியாண்டு தொடங்கியிருக்கும். அவர்களுடைய கோடைப் படிப்புகள் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை. அந்த வாரங்களில் தமிழகக் கல்லூரிகள் திறந்து வகுப்பு நடந்துகொண்டிருக்கும். வருகைப்பதிவு சிக்கலாகும். எனவே இறுதியாண்டுத் தேர்வை முடித்துவிட்டு மேற்படிப்போ வேலையோ தொடங்குவதற்கு இடையில் இருப்பவர்களுக்கே இது இயல்பாகப் பொருந்தும். வளைகுடா நாடுகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கதை வேறு. அங்கே ஜூலையும் ஆகஸ்டும்தான் விடுமுறை. ஆனால் பல்கலைக்கழகத் திட்டங்கள் பெரும்பாலும் 18 வயது நிறைந்தவர்களையே சேர்க்கும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பக் கடைசி நாள் பல இடங்களில் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. மே மாதம் யோசிக்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டுதான்.

விசா விஷயத்திலும் குடியுரிமையைப் பொறுத்து வேறுபாடு உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும், சிப் பொருத்திய கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியக் குடிமக்களும் குறுகியகாலத் தங்கலுக்கு விசா இல்லாமலே போகலாம். இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் விசா தேவை. சுற்றுலா என்று சொல்லி வாங்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்காமல், சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி எந்த வகையில் விண்ணப்பிப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. ஜப்பான் மாணவர் சேவை அமைப்பான ஜாஸ்ஸோ, குறுகியகாலப் பரிமாற்ற மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது. இதற்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் கல்லூரிக்கும் ஜப்பானியப் பல்கலைக்கழகத்துக்கும் உடன்பாடு இருந்து, அவர்கள் வழியாகப் போனால்தான் வாய்ப்பு. கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் போய் ஒருமுறை கேட்பதற்குச் செலவேதும் இல்லை. அறிவியல் மாணவர்களுக்கு 2014இல் தொடங்கிய 'சகுரா சயின்ஸ்' திட்டமும் இருக்கிறது. அது மொழிப் படிப்பு அல்ல என்றாலும், அழைப்பின் பேரில் செலவில்லாமல் ஜப்பானைப் பார்க்கும் வழி.

உணவும் தொழுகையும்

குடும்பத்தோடு தங்கும் திட்டங்களின் விண்ணப்பத்தில் உணவுக் கட்டுப்பாடு பற்றி ஒரு கேள்வி இருக்கும். அதில் 'ஹலால்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போகாதீர்கள். சிறு நகரத்தில் வாழும் ஒரு ஜப்பானிய மூதாட்டிக்கு அந்தச் சொல் ஒன்றும் உணர்த்தாமல் போகலாம். 'பன்றி இறைச்சி, அதன் கொழுப்பு, எலும்புச் சாறு கூடாது. சமையலில் மதுவும் கூடாது. மீன், முட்டை, காய்கறி, சோறு உண்பேன்' என்று விவரமாக எழுதுங்கள். மது என்றதும் குடிப்பதை மட்டுமே நினைப்பார்கள். அங்கே காய்கறி வேக வைப்பதிலும் மீன் குழம்பிலும்கூட 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மதுவும், 'சாக்கே' மதுவும் கலப்பது சர்வசாதாரணம். ராமென் நூடுல்ஸின் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் கொதித்தது. ரொட்டி, பிஸ்கட்டிலும் விலங்குக் கொழுப்பு சேரும். பன்றியைக் குறிக்கும் கான்ஜி ஒன்று, மதுவைக் குறிக்கும் கான்ஜி ஒன்று: இந்த இரண்டையும் விமானம் ஏறும் முன்பே அடையாளம் காணப் பழகிக்கொண்டால், கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போதே பாதிக் கவலை தீரும். கியோத்தோ பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களின் மாணவர் உணவகங்களில் ஹலால் உணவு கிடைக்கிறது. சமையலறை உள்ள விடுதி கிடைத்தால், முதல் முறை போகிறவருக்கு அதுவே நிம்மதி.

தொழுகை நேரங்களைப் பொறுத்தவரை, தோக்கியோவில் கோடையில் லுஹர் ஏறத்தாழ 11.45க்கே தொடங்கிவிடுவதால் மதிய இடைவேளையில் தொழுதுகொள்ளலாம். சிரமம் ஃபஜ்ரில். ஜூனில் அது அதிகாலை மூன்று மணிக்கு முன்பே வந்துவிடும். சூரியன் நாலரைக்கு உதிக்கும். காலை ஒன்பது மணிக்குச் சிறு தேர்வு இருக்கும் வகுப்பில் இந்தத் தூக்கக் கணக்கைச் சரிசெய்ய ஒரு வாரம் பிடிக்கும். ஜும்ஆவுக்காக வெள்ளி மதியம் வகுப்பைவிட்டுப் போக வேண்டியிருந்தால், சேரும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. சான்றிதழுக்கு வருகைப்பதிவு பார்ப்பார்கள்.

பண்பாட்டு வகுப்பு என்பது தேநீர்ச் சடங்கு, தூரிகை எழுத்து, பூ அடுக்குதல், கோடை விழாக்களைப் பார்த்தல் என்று போகும். கியோத்தோவின் ஜூலை மாத கியோன் விழா போன்றவை ஆலயத்தோடு சேர்ந்தவை. பார்வையாளராக நிற்பதற்கும் வழிபாட்டில் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் மனத்தில் தெளிவாக வைத்திருந்தால் போதும். வழிபாட்டுப் பகுதியில் ஒதுங்கி நிற்கிறேன் என்று பணிவோடு சொன்னால் அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. பிரிவுபசார விருந்தில் மது இருக்கும். ஊலாங் தேநீர்க் குவளையோடு உட்காருகிறவர்களும் இருப்பார்கள். பொதுக் குளியலறைகளில் ஆடையில்லாமல் குளிப்பது அவர்கள் வழக்கம் என்பதால், விடுதியில் தனிக் குளியலறை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கியோத்தோ, ஒசாகா பக்கம் படிக்கிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தால் ரயிலேறிக் கோபேக்குப் போய் வரலாம். சன்னோமியா நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஜப்பானின் முதல் பள்ளிவாசல் நிற்கிறது. அந்தத் துறைமுகத்தில் வணிகம் செய்த இந்திய முஸ்லிம்கள் உள்ளிட்டோரின் நன்கொடையில் 1935இல் திறக்கப்பட்டது. உலகப் போரின் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாண்டி நிற்கும் கட்டடம். அதைச் சுற்றிய தெருக்களில் ஹலால் உணவகங்களும் மளிகைக் கடைகளும் உண்டு; நாலைந்து வாரம் மீனும் சோறும் தின்று சலித்த பிள்ளைக்கு அங்கே ஒரு பிரியாணி கிடைக்கும். அதை ஜப்பானிய மொழியிலேயே கேட்டு வாங்கட்டும்.